கொற்கை முத்தும் கழனி மணியும்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையை விட்டு மேற்கே திரும்பி, வாழைத் தோட்டங்களுக்கும் நெல் வயல்களுக்கும் நடுவே சிறிது தூரம் சென்றால் கொற்கை என்னும் சிற்றூர் வந்து சேரும். பாண்டிய மன்னர்களின் பெருந்துறையாக விளங்கியதும், கிரேக்க வணிகர்கள் ‘கொல்கை’ என்று தங்கள் நூல்களில் எழுதி வைத்ததும், முத்துக் குளிப்புக்கு உலகப் புகழ் பெற்றிருந்ததுமான ஊர் இதுதானா என்று முதல் முறை போகிறவர்கள் திகைத்து நிற்பார்கள். அங்கே கப்பல் இல்லை, கலங்கரை விளக்கமில்லை, கடலே இல்லை. கடலைப் பார்க்க வேண்டுமானால் ஏறக்குறைய நாலு மைல் கிழக்கே போகவேண்டும்.

கடல் எங்கே போயிற்று? கடல் எங்கும் போகவில்லை. தாமிரபரணி நதி மேட்டு நிலத்திலிருந்து வண்டலை வாரிக் கொண்டுவந்து ஆண்டுக்காண்டு துறையில் கொட்டியது. துறை தூர்ந்தது, கரை கிழக்கே நகர்ந்தது. கொற்கை போய்க் காயல் வந்தது. காயலும் போய்த் தூத்துக்குடி வந்தது. கால்டுவெல் பாதிரியார் 1870-களில் இங்கே மண்ணைத் தோண்டிப் பார்த்து இந்த வரலாற்றை எழுதினார். 1968-69-இல் தமிழ்நாட்டுத் தொல்பொருள் துறையினரும் தோண்டினார்கள். ஒரு ராஜ்யத்தின் துறைமுகத்தை எந்தப் பகைவனும் வந்து அழிக்கவில்லை. மேட்டிலிருந்து இறங்கி வந்த மண்ணே அழித்தது.

மண் இடம் பெயர்வது இவ்வளவு பெரிய காரியமா என்று நேயர்கள் நினைக்கலாம். அந்த மண்ணோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாமல் இடம் பெயரும் ஒரு பொருளைப் பற்றியே இந்தக் கட்டுரையில் சொல்ல விரும்புகிறோம். அதற்குத் தமிழில் மிகப் பொருத்தமான பெயர் ஒன்று அமைந்திருக்கிறது: மணிச்சத்து. ரஸாயன சாஸ்திரிகள் பாஸ்பரஸ் என்பார்கள்.

கொற்கையில் ஒரு வாழைத் தோட்டத்து வரப்பில் முதியவர் ஒருவரைச் சந்தித்தோம். “அண்ணாச்சி, உரம் எல்லாம் தாராளமாகக் கிடைக்கிறதா?” என்று கேட்டோம்.

“யூரியா கிடைக்கும் ஐயா. டி.ஏ.பி.தான் கேட்டவுடனே கிடைக்காது. கப்பல் வரவில்லை என்பார்கள். இந்த ஊருக்குக் கப்பல் வருவது நின்று ஆயிரம் வருஷம் ஆயிற்று. ஆனாலும் எங்கள் வாழை இன்னும் கப்பலைத்தான் எதிர்பார்த்து நிற்கிறது” என்றார் அவர்.

அவர் வேடிக்கையாகச் சொன்னாரோ, வருத்தத்தோடு சொன்னாரோ தெரியாது. ஆனால் நமது தேசத்தின் விவசாய நிலைமையை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

மணிச்சத்து என்பது என்ன?

பயிருக்கு முக்கியமான சத்துக்கள் மூன்று. இலையும் தண்டும் செழிக்கத் தழைச்சத்து. வேர் ஓடவும், பூ பிடிக்கவும், தானியம் திரளவும் மணிச்சத்து. நோயும் வறட்சியும் தாங்கச் சாம்பல் சத்து. இவற்றில் தழைச்சத்து காற்றிலேயே நிறைந்திருக்கிறது. உளுந்தும் பாசிப்பயறும் தங்கள் வேர் முடிச்சுகளிலுள்ள நுண்ணுயிர்களைக் கொண்டு அதைப் பிடித்துக் கொள்கின்றன. மனிதனும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யந்திர சக்தியால் அதைப் பிடிக்கக் கற்றுக்கொண்டான். மணிச்சத்து காற்றில் இல்லை. அது கல்லில் இருக்கிறது, எலும்பில் இருக்கிறது, உயிர்களின் கழிவில் இருக்கிறது. அதைப் புதிதாக உண்டாக்க முடியாது. அதற்குப் பதிலாக வேறொன்றை இடவும் முடியாது. வளர்ந்த மனிதன் ஒருவனுடைய உடம்பில் ஏறக்குறைய எழுநூறு கிராம் பாஸ்பரஸ் உண்டு. அதில் பெரும்பகுதி எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. அவ்வளவும் அவன் உண்ட சோற்றின் வழியாக மண்ணிலிருந்து வந்ததேயாகும்.

இதைக் கண்டுபிடித்த கதையும் விசித்திரமானது. 1669-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து ரசவாதி ஹென்னிக் பிராண்ட் என்பவர் பொன் செய்யும் ஆசையால் மூத்திரத்தைக் குடம் குடமாகக் காய்ச்சினார். பொன் கிடைக்கவில்லை; இருட்டில் ஒளிவிடும் ஒரு பொருள் கிடைத்தது. அதுவே பாஸ்பரஸ். எதைக் காய்ச்சி அவர் அதை எடுத்தார் என்பதை நேயர்கள் மறவாதிருக்க வேண்டும். கட்டுரையின் முடிவில் அவ்விடத்துக்கே நாம் திரும்பி வரப்போகிறோம்.

கல் ஏறி வரும் கப்பல்

1906-ஆம் ஆண்டு தூத்துக்குடிக்கு மறக்க முடியாத ஆண்டு. வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை அந்த ஆண்டில்தான் தொடங்கினார். அதே ஆண்டில் வட ஆற்காட்டு ராணிப்பேட்டையில் பாரி கம்பெனியார் சூப்பர் பாஸ்பேட் உரம் செய்யும் ஆலையை நிறுவினார்கள். இந்தியாவில் ரஸாயன உரத் தொழிலின் தொடக்கம் அதுவே. இரண்டுக்கும் அப்பொழுது ஒரு சம்பந்தமும் கிடையாது. இன்று வ. உ. சி.யின் பெயர் தாங்கிய துறைமுகத்தில், வெளிநாட்டுப் பாஸ்பேட் கல்லும் கந்தகமும் அமிலங்களும் கப்பல் கப்பலாக இறங்குகின்றன என்பதை நினைக்கும்போது சம்பந்தம் உண்டாகிவிடுகிறது.

தூத்துக்குடியில் ‘ஸ்பிக்’ என்று வழங்கும் தென்னகப் பெட்ரோ ரஸாயனக் கம்பெனி 1969-இல் பதிவாயிற்று. 1975-இல் ஆலை ஓடத் தொடங்கிற்று. அங்கே செய்யப்பட்ட டி.ஏ.பி. உரம் தென்னாட்டுக் குடியானவர்கள் எல்லாருக்கும் பழக்கமாயிற்று. இப்பொழுது அந்த மணிச்சத்துப் பிரிவைக் கிரீன்ஸ்டார் என்ற உரக் கம்பெனி நடத்துகிறது. செய்முறை கேட்பதற்கு எளிது. பாஸ்பேட் கல்லைப் பொடித்துக் கந்தக அமிலத்தில் கரைத்தால் பாஸ்பாரிக் அமிலம் பிரியும். அதை அம்மோனியாவோடு சேர்த்தால் டி.ஏ.பி. கிடைக்கும். பாஸ்பாரிக் அமிலத்தில் ஒரு டன் மணிச்சத்து பெறுவதற்குள் ஏறக்குறைய ஐந்து டன் ஜிப்சம் மிச்சமாகக் குவிந்துவிடும். உர ஆலைகளின் அருகே வெள்ளை மலைகளாக நிற்பவை இவையே. சிமென்டுக்கும் உவர் நிலத்தைத் திருத்துவதற்கும் இதில் ஒரு பகுதி பயன்படுகிறது.

யந்திரம் நம்முடையது, வேலையாட்கள் நம்மவர்கள், துறைமுகம் நம்முடையது. கல் மட்டும் நம்முடையது அல்ல. ராஜஸ்தானத்தில் உதயப்பூருக்கு அருகே ஜாமர்கோட்ராவிலும், மத்தியப் பிரதேசத்தில் ஜாபுவா, சாகர் ஜில்லாக்களிலும் பாஸ்பேட் கல் வெட்டி எடுக்கிறார்கள். நம் திருச்சி ஜில்லாவில் ஊட்டத்தூர்ப் பக்கத்துப் பழைய கடற்படிவங்களிலும் பாஸ்பேட் உருண்டைகள் கிடைப்பது வெகு காலமாகத் தெரிந்த விஷயம். ஆனால் அவை சிதறிக் கிடக்கின்றன. எல்லாம் சேர்த்தும் தேசத்தின் தேவையில் சிறு பங்குக்கே காணும். இந்தியா ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரு கோடி டன் டி.ஏ.பி. உபயோகிக்கிறது. அதில் சுமார் பாதி, தயாரான உரமாகவே கப்பலில் வருகிறது. மற்றப் பாதி இங்கே செய்வது என்றாலும், கல்லாகவோ அமிலமாகவோ அதன் மூலப்பொருளில் பெரும் பகுதி வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது.

உலகத்தில் கணக்கிடப்பட்டுள்ள பாஸ்பேட் கல்லில் பத்தில் ஏழு பங்கு மொராக்கோவிலும் மேற்கு ஸஹாராவிலும் இருக்கிறது. எண்ணெய்க்காகக்கூட உலகம் ஒரே மூலையை இவ்வளவு நம்பியிருக்கவில்லை. 2008-ஆம் ஆண்டில் பாஸ்பேட் கல்லின் விலை ஒன்றரை ஆண்டுக்குள் எட்டு மடங்குக்கு மேல் ஏறிப் பிறகு இறங்கிற்று. 2021-இல் சீனா தன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. அந்த ஆண்டு மே மாதத்தில் நம் மத்திய சர்க்கார் டி.ஏ.பி. மூட்டை ஒன்றுக்குக் கொடுத்து வந்த 500 ரூபாய் மானியத்தை 1,200 ரூபாயாக ஒரேயடியாக உயர்த்த வேண்டியதாயிற்று. 2022-23-இல் எல்லா உரங்களுக்குமாக ஏற்பட்ட மானியச் செலவு இரண்டரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிற்று. பின்னர்ச் செங்கடல் வழியில் போர்க்கலகம் நேர்ந்தபோது கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்தன. அதன் விளைவாக 2024-இல் விதைப்புப் பருவத்தில் உரக்கடை வாசல்களில் கூட்டம் நின்றது.

சர்க்கார் இதை அறியாமலில்லை. 2023-இல் தேசத்துக்கு இன்றியமையாதவை என்று வெளியிட்ட முப்பது கனிமங்களின் பட்டியலில் பாஸ்பரஸும் இடம் பெற்றது. தூத்துக்குடிக் கம்பெனி 1990-களிலேயே ஜோர்டான் நாட்டுச் சுரங்கக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து அங்கே அமில ஆலை அமைத்தது. பின்னால் தன் பங்கை விற்றுவிட்டது. 2025-இல் இந்தியக் கம்பெனிகள் சில, சவூதி அரேபியாவின் மாதன் கம்பெனியிடம் ஆண்டுக்கு 31 லட்சம் டன் டி.ஏ.பி. வாங்க ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டன. இவையெல்லாம் நல்ல முயற்சிகளே. ஆனால் இவை வாங்கும் வழிகள். வாங்கியது எங்கே போகிறது என்று கேட்பவர் யார்?

எங்கே போகிறது?

பாத்திரம் ஓட்டையாயிருக்கும்போது குடம் குடமாகத் தண்ணீர் விலைக்கு வாங்குவதில் பயன் என்ன? இட்ட மணிச்சத்தில் அந்தப் போகத்துப் பயிர் எடுத்துக்கொள்வது ஐந்தில் ஒரு பங்குகூடச் சந்தேகம். மிச்சம் மண்ணிலுள்ள சுண்ணாம்போடும் இரும்போடும் பிணைந்து கட்டுண்டு கிடக்கிறது. கரிசல் காட்டில் சுண்ணாம்பு அதைப் பிடித்துக்கொள்ளும். செம்மண்ணில் இரும்பு பிடித்துக்கொள்ளும். இது முழு நஷ்டமல்ல. வங்கியில் போட்ட பணம்போல அடுத்த பயிர்களுக்குச் சிறிது சிறிதாக வெளிவரும். ஆனால் மேல் மண் மழையில் கரைந்து ஓடினால் முதலும் வட்டியும் சேர்ந்து போய்விடும். கொற்கைத் துறையைத் தூர்த்த வண்டலில் எத்தனை தலைமுறை உழவர்களுடைய மணிச்சத்து கலந்திருந்ததோ!

பயிர் எடுத்துக்கொண்டதாவது நிலத்துக்குத் திரும்புகிறதா? முற்காலத்தில் திரும்பிற்று. ஏரல் சந்தையில் விற்ற நெல் பக்கத்து ஊர்களிலேயே சமையலாகி, சாம்பலும் குப்பையும் சாணமும் அதே வயலுக்கு வந்தன. கோடையில் கீதாரிகள் ஆட்டு மந்தைகளை ஓட்டி வந்து வயலில் கிடை அமர்த்தினார்கள். கிடை போட்ட வயலின் விளைச்சலைப் பார்த்தே ஊரார் அடையாளம் சொல்வார்கள். கோடையில் குளத்து வண்டலை வண்டி வண்டியாக அடித்தார்கள். உழுவதைவிட எருவிடுவதை வள்ளுவர் மேலாகச் சொன்னது சும்மாவா?

இந்தச் சக்கரம் முதலில் உடைந்தது அந்நிய ஆட்சியின்போது. கால்நடைகளின் எலும்பும் எள்ளு, கடலை முதலிய எண்ணெய் வித்துக்களும் கப்பலேறி வெளிநாட்டு வயல்களுக்குப் போயின. 1893-இல் வெளிவந்த வோல்க்கர் அறிக்கையிலும், 1928-இல் வெளிவந்த ராயல் விவசாயக் கமிஷன் அறிக்கையிலும் இந்த எலும்பு ஏற்றுமதியைப் பற்றிய விவகாரம் இடம் பெற்றது. ஜே. சி. குமரப்பா கிராமக் கைத்தொழில் சங்கத்தில் இருந்துகொண்டு, கழிவை எருவாக்கும் சிக்கனத்தை வற்புறுத்திக்கொண்டேயிருந்தார். இந்தூரில் இருந்த ஆல்பர்ட் ஹோவர்ட் துரையோ, நம் குடியானவர்களிடமும் சீனர்களிடமும் கற்ற எருக் குழி முறையை ஒழுங்குபடுத்தி 1931-இல் உலகத்துக்கு எழுதிக் காட்டினார்.

இப்பொழுது எலும்பைப் பற்றி நாம் அழவேண்டியதில்லை. நம்முடைய சாக்கடையே பெரிய ஏற்றுமதிக் கப்பலாக இருக்கிறது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மனிதன் ஒருவன் நாளொன்றுக்குக் கழிப்பதில் ஒரு கிராம் பாஸ்பரஸ் உண்டென்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். அதில் பெரும்பகுதி மூத்திரத்தில் இருக்கிறது. லட்சம் பேர் வசிக்கும் ஊரில் இது தினம் நூறு கிலோ ஆகும். ஐம்பது கிலோ டி.ஏ.பி. மூட்டையில் உள்ள பாஸ்பரஸ் ஏறக்குறையப் பத்துக் கிலோ. ஆகவே லட்சம் ஜனங்களுள்ள ஊர் ஒன்று, தினம் பத்து டி.ஏ.பி. மூட்டையைப் பிரித்துச் சாக்கடையில் கொட்டுவதற்குச் சமானமான காரியத்தைச் செய்துகொண்டிருக்கிறது. ஆண்டுக்கு மூவாயிரத்து அறுநூறு மூட்டைக்கு மேல்! தூத்துக்குடியும் திருநெல்வேலியும் லட்சத்துக்குப் பலவாறு மேற்பட்ட ஊர்கள்.

கொட்டிய சத்து சும்மாவும் இராது. வயலில் பயிரை வளர்க்கும் அதே சத்து, நீரில் பாசியை வளர்க்கும். பாசி அழுகும்போது நீரிலுள்ள பிராண வாயு குறைந்து மீன் சாகும். 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் பாம்பன், மண்டபம் கரைகளில் கடல் பச்சை நிறமாக மாறி மீன்கள் செத்து ஒதுங்கியதை நேயர்கள் பத்திரிகைகளில் படித்திருப்பார்கள். அது ஒரு நுண்ணுயிர்ப் பெருக்கம். காற்று, வெப்பம், நீரோட்டம் முதலிய பல காரணங்கள் அதற்கு உண்டு. பழி முழுவதையும் மணிச்சத்தின்மீது சுமத்துவது நியாயமல்ல. ஆயினும் தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக் குளிப்பு 1961-இல் நடந்ததோடு சரி என்பதையும், சிப்பியும் பவளமும் தெளிந்த நீரை நாடும் ஜீவன்கள் என்பதையும் நினைக்கும்போது, அந்தக் கடலில் ஒரு மூட்டை உரத்தைக்கூடக் கொட்ட மனம் வராது.

சர்க்கார் செய்ததும் செய்யாததும்

1977-இல் சர்க்கார் உர ஆலைகளுக்கு அடக்க விலையைக் கணக்கிட்டு மானியம் கொடுக்கத் தொடங்கிற்று. 1992 ஆகஸ்டில் மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை நீக்கிற்று. 2010 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, உரத்தில் உள்ள சத்தின் எடைக்கு இவ்வளவு என்று மானியம் நிர்ணயித்தது. யோசனை நல்லதுதான். ஆனால் யூரியாவை அதில் சேர்க்காமல் விட்டார்கள். யூரியா விலை அசையாது நின்றது, டி.ஏ.பி., பொட்டாஷ் விலை ஏறிற்று. தேச முழுவதற்கும் சராசரியாக 4:2:1 என்ற விகிதத்தில் மூன்று சத்துக்களும் இருப்பது நலம் என்று சொல்வது வழக்கம். 2009-10-இல் அது 4.3:2:1 என்று இருந்தது. 2012-13-இல் 8.2:3.2:1 என்று கோணிற்று. குடியானவர் அறியாமையால் இப்படிச் செய்தார் என்று சொல்வது தவறு. எது மலிவோ அதை வாங்கினார். சர்க்கார் விலைப் பட்டியலை அவர் சரியாகப் படித்தார், அவ்வளவே.

2015-இல் மண்வள அட்டைத் திட்டம் வந்தது. எந்த வயலில் மணிச்சத்து முன்னமே சேர்ந்து கிடக்கிறது, எதில் குறைவு என்று அளந்து சொல்வதே அதன் நோக்கம். நகரக் குப்பையிலிருந்து செய்யும் எருவுக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் உதவி என்று 2016-இல் அறிவித்தார்கள். சாண எரிவாயு நிலையங்களில் கிடைக்கும் எருவுக்கும் அதே தொகையை 2023-இல் ஏற்படுத்தினார்கள். தமிழ்நாட்டில் 2017 வறட்சியின்போது குளத்து வண்டலைக் கட்டணமின்றி வயலுக்கு எடுத்துக்கொள்ள உத்தரவாயிற்று.

இவற்றை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். கப்பலில் வரும் மணிச்சத்துக்குக் கிலோ கணக்கில் மானியம் உண்டு. சாக்கடையிலிருந்தும் குப்பையிலிருந்தும் மீட்ட மணிச்சத்துக்கு அந்தக் கிலோ கணக்கில் சமமான மதிப்பு ஏன் இருக்கக்கூடாது? மொராக்கோ கல்லிலிருந்து வந்ததானாலும், தருவைகுளத்துக் குப்பைக் கிடங்கிலிருந்து வந்ததானாலும், நெல்லுக்கு இரண்டும் ஒன்றே.

கடலுக்கு அப்பால் இரண்டு பாடங்கள்

கொற்கைக்கு நேர் எதிரே கடலுக்கு அப்பால் இருப்பது இலங்கை. அனுராதபுர ஜில்லாவில் எப்பாவல என்னுமிடத்தில் 1971-இல் பாஸ்பேட் கல் கண்டுபிடித்தார்கள். அதைப் பொடித்துத் தேயிலை, தென்னை, ரப்பர்த் தோட்டங்களுக்கு அளவாக இட்டு வந்தார்கள். 1990-களில் ஓர் அமெரிக்கக் கம்பெனியின் கூட்டுறவில் அதை வேகமாக வெட்டி ஏற்றுமதி செய்ய ஏற்பாடாயிற்று. அங்கே வசித்த குடியானவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். பூமியின் செல்வத்துக்கு இன்றைய சர்க்கார் தர்மகர்த்தாவே அன்றி உடைமையாளர் அல்ல என்ற கருத்தை ஆதாரமாகக் கொண்டு, முழுமையான ஆராய்ச்சி நடவாமல் ஒப்பந்தம் கூடாதென்று 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தடுத்தது. நிதானமாகச் செலவிடுவதும் ஒரு ராஜதந்திரமே என்பது முதல் பாடம்.

இரண்டாவது பாடம் கசப்பானது. அதே இலங்கையில் 2021 மே மாதத்தில் ரஸாயன உர இறக்குமதியை ஒரே நாளில் தடுத்துவிட்டார்கள். மாற்று எரு போதிய அளவு தயாராக இல்லை. நெல்லும் தேயிலையும் சரிந்தன. அரிசி வெளியிலிருந்து வரவழைக்க நேர்ந்தது. நவம்பருக்குள் தடையை விலக்கினார்கள். ஆகவே, ‘ரஸாயன உரத்தை நாளைக்கே நிறுத்துவோம்’ என்று பேசுகிறவர்களோடு நாம் சேரவில்லை. இருக்கும் மூட்டையை வீணாக்காமல், திரும்பி வரவேண்டியதைத் திருப்பி, ஆண்டுக்காண்டு கப்பலின் எண்ணிக்கையைக் குறைப்பதே விவேகம்.

திரும்பும் வழி

வயலிலேயே செய்யக்கூடியவை பல. மானாவாரிப் பயறுக்குச் சூப்பர் பாஸ்பேட்டைத் தொழு எருவோடு கலந்து ஒரு மாதம் மூடி வைத்து இடும் ‘ஊட்டமேற்றிய தொழு உரம்’, மண்ணில் கட்டுண்ட சத்தை விடுவிக்கும் பாஸ்போபாக்டீரியா, பூக்கும் தருணத்தில் உளுந்துக்குத் தெளிக்கும் இரண்டு சதவிகித டி.ஏ.பி. கரைசல் ஆகியவற்றை நம் விவசாயப் பல்கலைக் கழகம் நெடுங்காலமாகப் பரிந்துரைத்து வருகிறது. வரப்பை உயர்த்தி மண்ணை நிறுத்துவதற்குப் பல்கலைக் கழகமும் வேண்டியதில்லை.

ஊருக்குள் செய்யவேண்டியதே கடினமானது. திருச்சி ஜில்லா முசிறியில் ஸ்கோப் என்னும் தொண்டு ஸ்தாபனத்தார், 2006-ஆம் ஆண்டளவில் மலத்தையும் மூத்திரத்தையும் தனித்தனியே பிரித்துச் சேர்க்கும் பொதுக் கழிப்பறை கட்டினார்கள். உபயோகிப்பவர்களிடம் காசு வாங்குவதே உலக வழக்கம். அங்கே உபயோகித்தவர்களுக்குக் காசு கொடுத்தார்கள்! சேர்த்த மூத்திரத்தை வாழை முதலிய பயிர்களுக்கு இட்டுப் பார்த்தார்கள். ஹாம்பர்க் ரசவாதி பொன்னைத் தேடிய அதே பொருளில், முசிறிக்காரர்கள் எருவைக் கண்டார்கள். கருங்குழியில் 2017-இல் தமிழ்நாட்டின் முதல் கழிவுத் தொட்டிக் கசடு சுத்திகரிப்பு நிலையம் தொடங்கிற்று. அதே ஆண்டில் இதற்கென்று ஒரு தேசியக் கொள்கையும் வெளியாயிற்று.

வெளிநாடுகளில் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். ஜெர்மனி 2017-இல் செய்த விதிப்படி, லட்சம் பேருக்கு மேற்பட்ட அளவுள்ள சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையங்கள் 2029 முதலும், ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டவை 2032 முதலும் கசடிலிருந்து பாஸ்பரஸை மீட்டே ஆகவேண்டும். அவர்களுக்கும் பாஸ்பேட் சுரங்கமில்லை, நமக்கும் போதுமானதில்லை. அவர்கள் சாக்கடையைச் சுரங்கமாக எண்ணத் தொடங்கிவிட்டார்கள்.

ஓர் எச்சரிக்கை

இங்கே ஒரு விஷயத்தைத் தயக்கமின்றிச் சொல்லவேண்டும். பழைய காலத்து எருச் சக்கரத்தைப் புகழும்போது, அதை யார் தலையில் சுமந்தார்கள் என்பதை மறந்து பேசுகிறோம். நகரங்களில் மலக் கூடையைச் சுமந்தவர்கள் சில ஜாதியாரே. அவர்கள் விரும்பி ஏற்ற தொழிலல்ல அது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கையால் மலம் அள்ளும் கொடுமையைத் தடை செய்திருக்கிறது. அப்படியிருந்தும் கழிவுத் தொட்டியில் இறங்கி உயிர் விடுகிறவர்களைப் பற்றிய செய்தி நிற்கவில்லை. மணிச்சத்தை மீட்கிறோம் என்ற பெயரில் அந்தக் கூடையை மறுபடியும் அதே தலைகளில் ஏற்றுவதானால், அந்த மணி நமக்கு வேண்டாம். குழாயும் யந்திரமும் செய்யவேண்டிய வேலை இது. செய்கிறவர்களுக்கு நிபுணர்களுக்குரிய சம்பளமும் மரியாதையும் வேண்டும்.

மற்றொன்று: ஆலைக் கழிவு கலந்த சாக்கடைக் கசடில் ஈயம், காட்மியம் முதலிய விஷ உலோகங்கள் சேர்ந்திருக்கும். அதை அப்படியே வயலில் கொட்டுவது எரு இடுவதாகாது. பரிசோதனை இல்லாத எரு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

நம்மால் ஆவது

சர்க்கார் செய்யவேண்டியவை நாலு. தழைச்சத்துக்கும் மணிச்சத்துக்கும் ஒரே தராசில் மானியத்தை அமைப்பது முதலாவது. மீட்ட மணிச்சத்தையும் அதே தராசில் வைப்பது இரண்டாவது. லட்சம் ஜனங்களுக்கு மேற்பட்ட நகரங்களில் புதிதாகக் கட்டும் சுத்திகரிப்பு நிலையம் ஒவ்வொன்றிலும் மணிச்சத்தை மீட்கும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்குவது மூன்றாவது. எவ்வளவு வந்தது, எவ்வளவு வயலில் தங்கிற்று, எவ்வளவு கடலுக்குப் போயிற்று என்று ஆண்டுதோறும் ஜில்லாவாரியாகக் கணக்கு வெளியிடுவது நாலாவது. கணக்கில்லாத குடும்பம் கடனில் முடியும் என்பது நம் வீட்டுப் பெண்மணிகள் அறிந்ததே. தேசக் குடும்பத்துக்கும் அதுவே நியதி.

குடும்பங்கள் செய்யவேண்டியதும் உண்டு. காய்கறித் தோலையும் மீன் முள்ளையும் முட்டை ஓட்டையும் பிளாஸ்டிக்கோடு சேர்த்து வீசாமல் தனியே போட்டால், குப்பை எருவாகும். சேர்த்துப் போட்டால் எரு குப்பையாகும். கொல்லையில் நாலடிக் குழி இருந்தால் போதும். அடுப்பங்கரையில் தினமும் நடக்கும் இந்தச் சிறு காரியத்தில் சட்டசபைக்கு வேலையே இல்லை.

கொற்கையை விட்டுப் புறப்படும்போது அந்த முதியவர் எங்களைக் குளக்கரை வரையில் கொண்டுவந்து விட்டார். கோடையில் வற்றிய குளத்தில் காலால் சிறிது வண்டலைக் கிளறிக் காட்டினார்.

“முத்து எடுத்த ஊர் என்று வந்து பார்க்கிறீர்கள் ஐயா. எங்கள் முத்து இதுதான். எங்கள் அப்பா காலத்தில் இதை அள்ளி வயலில் போட்டோம். அப்புறம் மூட்டை வந்தது, விட்டுவிட்டோம். இந்த வருஷம் பத்து வண்டி அடிக்கலாம் என்று இருக்கிறேன்” என்றார்.

பத்து வண்டி வண்டலால் இந்தியாவின் கப்பல் கணக்கு மாறிவிடாது. ஆனால் மேட்டிலிருந்து இறங்கி வந்த மண்ணைக் கடல் வரையில் போகவிடாமல், வழியிலேயே மறித்து மறுபடி வயலில் ஏற்றுகிற காரியம் அது. ஒரு துறைமுகத்தை இழந்த ஊர், எதை இழந்தோம் என்பதை மற்ற ஊர்களைவிட நன்றாக அறிந்திருக்கிறது.